மாநில அரசு விதி வகுக்கும் முறை: எதை மாற்ற வேண்டும், எங்கே தொடங்க வேண்டும்?

கேள்வி இதுதான்: சட்டமன்றம் நிறைவேற்றும் சட்டங்களைக் காட்டிலும், அவற்றின் கீழ் அரசுத் துறைகளும் ஆணையங்களும் வகுக்கும் விதிகள்தான் நம் அன்றாடத்தை நேரடியாகத் தொடுகின்றன. அந்த விதிகள் பெரும்பாலும் யாருக்கும் தெரியாமலே வந்துவிடுகின்றன. மாநில அளவில் இந்த முறையை மாற்ற முடியுமா? முடியுமென்றால் முதலில் எதை மாற்றுவது?

முடியும். முதலில் மாற்ற வேண்டியது ஒன்றுதான் என்பது என் கருத்து. விதியின் வரைவைக் காரணங்களோடு முன்கூட்டி வெளியிடுவதும், வந்த ஆட்சேபனைகளுக்கு எழுத்தில் பதில் சொல்வதும் துறைகளின் சட்டக் கடமையாக வேண்டும். இன்று அது பெரும்பாலும் அந்தந்தத் துறையின் விருப்பத்தில் இருக்கிறது. இதைச் செய்யாமல் வரும் விதி செல்லாது என்று ஒரு மாநிலச் சட்டம் சொல்ல வேண்டும். இணையதளம், கருத்துக் கேட்புக் கூட்டம், ஆய்வுக் குழு எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.

தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் கடைசியில் நடந்த இரண்டு விஷயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும். தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்த மசோதா ஏப்ரல் 21 அன்று பேரவையில் நிறைவேறியது. ஆளும் கூட்டணியில் இருந்த கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தன. சில நாட்களில் அது நிறுத்தி வைக்கப்பட்டது, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அதே நாட்களில் இன்னொன்றும் வெளியே வந்தது. திருமண மண்டபங்கள், விளையாட்டு மைதானங்கள் போன்ற இடங்களில் மது பரிமாறச் சிறப்பு உரிமம் தரலாம் என்று 1981ஆம் ஆண்டு மதுபான உரிம விதிகளில் ஒரு திருத்தம். அது பேரவைக்கு மசோதாவாக வரவில்லை. அரசிதழில் வந்த அறிவிக்கையைச் செய்தியாளர்கள் பார்த்துச் சொன்ன பிறகுதான் ஊருக்கே தெரிந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் திருமண மண்டபங்களை நீக்கி அரசு அதைத் திருத்தியது.

இரண்டிலும் அரசு பின்வாங்கியதே, பிறகென்ன குறை என்று கேட்கலாம். குறை இருக்கிறது. மசோதா என்றால் அறிமுகம் உண்டு, அச்சிட்ட பிரதி உண்டு, எதிர்த்துப் பேச ஒரு இடம் உண்டு. விதித் திருத்தத்துக்கு அப்படி எதுவும் இல்லை. மதுவும் கல்யாண மண்டபமும் சேர்ந்ததால் அது தலைப்புச் செய்தியானது. ஒரு கட்டணத்தையோ, உரிம நிபந்தனையையோ, விடுதிக்கான தகுதியையோ மாற்றும் விதி அப்படித் தலைப்புச் செய்தி ஆவதில்லை. அது அமலுக்கு வந்து, அலுவலகத்தில் மனு திருப்பப்படும்போதுதான் சம்பந்தப்பட்டவருக்கே தெரியவரும்.

ஒரு விதி எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தால் மூடிய இடம் எது என்பது புரியும். துறைத் தலைவரோ ஆணையரோ அரசுக்கு ஒரு முன்மொழிவு அனுப்புவார். தலைமைச் செயலகத்தில் சம்பந்தப்பட்ட பிரிவு அதைக் கோப்பாக எழுதும். பணச்சுமை இருந்தால் நிதித்துறை பார்க்கும், வாசகத்தைச் சட்டத்துறை பார்க்கும், செயலாளர் வழியாக அமைச்சருக்குப் போகும். பிறகு ஆளுநரின் ஆணைப்படி என்று அரசாணை வெளியாகி, அறிவிக்கை அரசிதழுக்குப் போகும். அந்த அரசாணையை எடுத்துப் படித்தால் ‘மேலே இரண்டாவதாகப் படிக்கப்பட்ட கடிதத்தில் ஆணையர் கோரியவாறு’ என்று ஒரு வரி இருக்கும். ஏன் இந்த விதி என்பதற்கான காரணம் முழுக்க அந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது. கடிதம் நம் கைக்கு வருவதில்லை. கோப்பு நகரும் ஒவ்வொரு மேசையிலும் யாராவது ஒருவர் கேள்வி கேட்கிறார். அந்த விதியின்படி நடக்க வேண்டியவர் மட்டும் கேட்க முடிவதில்லை.

சட்டத்தில் இதற்கு வழியே இல்லை என்று சொல்ல முடியாது. 1897ஆம் ஆண்டு பொதுப் பிரிவுகள் சட்டத்தின் 23ஆம் பிரிவு ‘முன்வெளியீடு’ என்ற ஒன்றைச் சொல்கிறது. மத்தியச் சட்டம் ஒன்று ‘முன்வெளியீட்டுக்குப் பின்பே விதி வகுக்க வேண்டும்’ என்று சொல்லியிருந்தால், வரைவை வெளியிட வேண்டும், எந்தத் தேதிக்குப் பிறகு அது பரிசீலிக்கப்படும் என்று குறிப்பிட வேண்டும், அதற்குள் வரும் ஆட்சேபனைகளைக் கருத்தில் கொள்ள வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் மாநில அரசு வகுக்கும் விதிகளுக்கு இந்த நிபந்தனை உண்டு. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் கீழ் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவரும் ஒழுங்குமுறைகளுக்கும் உண்டு. 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் இன்னும் தெளிவாக எழுதியது: குழு அமைத்து விசாரித்து ஊதியத்தை நிர்ணயிக்கலாம், இல்லையென்றால் முன்மொழிவை அரசிதழில் வெளியிட்டுக் குறைந்தது 2 மாதம் அவகாசம் தர வேண்டும். சுதந்திரம் வந்த அடுத்த ஆண்டே, கூலித் தொழிலாளிக்கு 2 மாத அவகாசம் என்று எழுத, அன்று நாடாளுமன்றமாகவும் செயல்பட்ட நம் அரசியல் நிர்ணய சபைக்குத் தோன்றியிருக்கிறது. இதை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஆனால் 23ஆம் பிரிவில் இரண்டு பெரிய ஓட்டைகள். தாய்ச் சட்டம் கேட்டால்தான் முன்வெளியீடு. கேட்காவிட்டால் கிடையாது, பல சட்டங்கள் கேட்பதில்லை. இரண்டாவது ஓட்டையைப் பலர் கவனிப்பதில்லை. முன்வெளியீட்டுக்குப் பின் வகுக்கப்பட்டது என்று சொல்லி அரசிதழில் ஒரு விதி வந்துவிட்டால், அது முறையாக வகுக்கப்பட்டது என்பதற்கு அந்த வெளியீடே முடிவான சான்று என்று அதே பிரிவின் ஐந்தாம் உட்பிரிவு சொல்கிறது. ஆட்சேபனைகளை உண்மையில் யாராவது படித்தார்களா என்று தோண்டிப் பார்க்கும் வழியை அந்த வரி ஏறக்குறைய அடைத்துவிடுகிறது. படித்ததற்கு அடையாளமாகப் பதில் எழுத வேண்டும் என்றும் சட்டம் கேட்கவில்லை. அதனால்தான் கருத்துக் கேட்பு பல இடங்களில் வெறும் சடங்காகப் போய்விட்டது. கருத்து அனுப்பியவருக்கு அது என்ன ஆனது என்று தெரியாவிட்டால், அடுத்த முறை அவர் அனுப்ப மாட்டார்.

பேரவை பார்த்துக்கொள்ளாதா என்றால், பல சட்டங்களில் விதிகளைப் பேரவை முன் வைக்க வேண்டும் என்ற பிரிவு இருப்பது உண்மை. பெரும்பாலும் அது விதி அமலுக்கு வந்த பிறகு நடப்பது. வைக்கத் தவறினால் என்ன ஆகும்? 1979இல் அட்லஸ் சைக்கிள் நிறுவனத்துக்கும் ஹரியானா மாநிலத்துக்கும் இடையிலான வழக்கில், அவை முன் வைக்காததாலேயே அந்த ஆணை செல்லாமல் போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் இதற்கென்றே குழுக்கள் இருக்கின்றன. மக்களவையின் குழு 1953 முதல் இயங்குகிறது. நல்ல கேள்விகள் கேட்கும் குழுக்கள்தான். ஆனால் விதி பழகி, அதன்படி பணம் கட்டி, உரிமம் வாங்கி முடித்த பிறகு வரும் கேள்விக்கு வலு குறைவு. நிவாரணம் தேவைப்பட்டவர் அதற்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போயிருப்பார், அல்லது விட்டுவிட்டிருப்பார்.

நம் மாநிலத்திலேயே இதைவிட ஒழுங்காக நடக்கும் இடம் ஒன்று இருக்கிறது. மின்சார ஒழுங்குமுறை ஆணையம். 2022இல் மின்கட்டண உயர்வுக்கான மனு வந்தபோது கோவை, மதுரை, சென்னை ஆகிய 3 ஊர்களில் ஆகஸ்டில் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடந்தன. சிறுதொழில் முனைவோர், விவசாயிகள், வீட்டு நுகர்வோர் எழுந்து பேசினார்கள். செப்டம்பரில் கட்டணம் உயர்ந்துதான் போனது. அப்படியானால் கூட்டத்தால் என்ன பயன் என்று கோபப்படுவது நியாயம்தான். ஆனால் ஆணையத்தின் கட்டண உத்தரவுகளைத் திறந்து பாருங்கள். மக்கள் சொன்னது, அதற்கு மின்வாரியத்தின் பதில், ஆணையத்தின் கருத்து என்று அடுத்தடுத்துப் பதிவாகியிருக்கும். பதில் சில இடங்களில் ஒரு வரியில் முடிந்துபோகும். இருந்தாலும் அந்த ஒரு வரி எழுத்தில் இருக்கிறது. மேல்முறையீட்டுக்குப் போகிறவர் அதைக் காட்டி, ‘என் ஆட்சேபனைக்கு ஆணையம் இதுதான் சொன்னது, இது பதிலே இல்லை’ என்று வாதிடலாம். கட்டண உத்தரவும் விதியும் சட்டப்படி வேறு வேறு. ஆனால் இந்தப் பழக்கத்தை மற்ற துறைகளின் விதிகளுக்கும் நீட்டிக்க என்ன தடை? எனக்கு எதுவும் தெரியவில்லை. பேருந்துக்கும் பள்ளிக்கும் கட்டடத்துக்கும் விதி போடும் துறைகள் இதைச் செய்ய முடியாது என்று சொல்வதில் நியாயம் இல்லை.

உச்ச நீதிமன்றமும் இதையே ஒரு முறை அழுத்திச் சொல்லியிருக்கிறது. கைப்பேசி அழைப்பு பாதியில் அறுந்தால் வாடிக்கையாளருக்கு 1 ரூபாய், ஒரு நாளைக்கு அதிகபட்சம் 3 அழைப்புகளுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2015இல் ஒரு ஒழுங்குமுறை கொண்டுவந்தது. அலைபேசி நிறுவனங்களின் சங்கம் தொடுத்த வழக்கில், 2016 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அது தன்னிச்சையானது, நியாயமற்றது, வெளிப்படையாக வகுக்கப்படவில்லை என்பவை காரணங்கள். அமெரிக்காவில் 1946இல் வந்த நிர்வாக நடைமுறைச் சட்டத்தை எடுத்துக்காட்டி, அப்படி ஒன்றை நம் நாடாளுமன்றமும் கொண்டுவருவது பற்றி யோசிக்கலாம் என்று தீர்ப்பு சொன்னது. இன்னும் வரவில்லை. அந்த ஒழுங்குமுறை நுகர்வோருக்குச் சாதகமானது என்பதையும் கவனியுங்கள். நடைமுறை சரியில்லாவிட்டால் நல்ல விதியும் நீதிமன்றத்தில் நிற்காது. நடைமுறைச் சீர்திருத்தம் அரசை முடக்கும் வேலை என்று நினைக்கும் அதிகாரிகளுக்கு நான் முதலில் காட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான்.

மாநில அளவில் இது எப்படி இருக்கும் என்று பார்க்க கலிபோர்னியா பயன்படும். விதிகளைச் சரிபார்ப்பதற்கென்றே 1980 முதல் அங்கே நிர்வாகச் சட்ட அலுவலகம் என்று தனி அலுவலகம் இயங்குகிறது. எந்தத் துறை விதி கொண்டுவந்தாலும் காரண அறிக்கையோடு வரைவை வெளியிட்டு 45 நாள் கருத்துக்கு வைக்க வேண்டும். வந்த ஆட்சேபனைகளைச் சுருக்கி, ஏற்றால் எப்படி, ஏற்காவிட்டால் ஏன் என்று இறுதி அறிக்கையில் எழுத வேண்டும். பிறகு கோப்பு முழுவதும் அந்த அலுவலகத்துக்குப் போகும். விதி தேவையா, அதற்குத் துறைக்கு அதிகாரம் இருக்கிறதா, வாசகம் தெளிவா, மற்றச் சட்டங்களோடு முரண்படுகிறதா, எந்தச் சட்டத்தை நிறைவேற்ற வந்தது, ஏற்கெனவே உள்ளதையே திரும்பச் சொல்கிறதா என்று 6 அளவுகோல்களால் 30 வேலை நாட்களுக்குள் பார்ப்பார்கள். தேறாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தக் கொள்கை நல்லதா கெட்டதா என்று அந்த அலுவலகம் தீர்ப்புச் சொல்வதில்லை. அது துறையின் பொறுப்பு.

கலிபோர்னியாவிடமிருந்து எடுத்துக்கொள்ள இன்னொன்றும் உண்டு, நமக்கு அதுதான் மிக அவசரமானது என்பேன். விதியாக வகுக்க வேண்டியதைச் சுற்றறிக்கையாகவோ கையேடாகவோ வழிகாட்டுதலாகவோ எழுதி அமல்படுத்துவதற்கு அந்த மாநிலச் சட்டம் தடை போட்டிருக்கிறது. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘நிலத்தடி விதி’. பாதிக்கப்பட்டவர் அந்த அலுவலகத்திடம் முறையிடலாம். நம் ஊரில் ஒரு சான்றிதழுக்கு என்னென்ன ஆவணம் வேண்டும், எந்தக் கட்டணம் யாருக்கு, எந்த மனுவை மேலே அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் பெரும்பாலும் ஆணையரின் சுற்றறிக்கையில்தான் இருக்கிறது. ‘மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கு சார்’ என்று சொல்லி மனுவைத் திருப்பித் தரும்போது அதைக் காட்டச் சொன்னால் எத்தனை அலுவலகங்களில் காட்டுவார்கள்? சுற்றறிக்கைகளை விட்டுவிட்டு விதிகளுக்கு மட்டும் கடுமையான நடைமுறை கொண்டுவந்தால், துறைகள் இன்னும் அதிகமாகச் சுற்றறிக்கைப் பக்கம் சாய்ந்துவிடும். இரண்டையும் சேர்த்தே கட்ட வேண்டும்: ஒரு குடிமகனின் உரிமையையோ செலவையோ மாற்றும் எந்தச் சுற்றறிக்கையும், வெளியிடப்படாத வரை அவரைக் கட்டுப்படுத்தாது என்று சட்டம் சொல்ல வேண்டும். இது புதிய யோசனையும் இல்லை. ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் 1923இல் ஒரு அபின் சட்டத்தை நிறைவேற்றி, வெளியிடாமலே விட்டார்கள். பின்னாளில் ஹர்லா என்பவரை அதன் கீழ் தண்டித்தபோது, மக்களுக்குத் தெரிவிக்கப்படாத சட்டத்தால் ஒருவரைத் தண்டிப்பது இயற்கை நீதிக்கே எதிரானது என்று உச்ச நீதிமன்றம் 1951இல் அவரை விடுவித்தது. அந்தத் தீர்ப்பின் நியாயம் இன்றைய சுற்றறிக்கைக்கும் பொருந்தும்.

மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விதிகளின் அதிகாரபூர்வ வாசகம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 348ஆம் பிரிவு சொல்கிறது. மாநிலம் வேறு மொழியை ஏற்றாலும், ஆங்கில மொழிபெயர்ப்பே அதிகாரபூர்வமாகக் கருதப்படும். ஆனால் வரைவைத் தமிழிலும் வெளியிடுவதற்கு அதில் எந்தத் தடையும் இல்லை. 2020இல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வந்தபோது, எட்டாவது அட்டவணை மொழிகளில் மொழிபெயர்க்கச் சொல்லி, கருத்துக்கான அவகாசத்தை ஆகஸ்ட் 11 வரை நீட்டித்தது டெல்லி உயர் நீதிமன்றம். தமிழிலும் வேண்டும் என்று தமிழ்நாட்டில் நாம் உரக்கக் கேட்டோம், சரியாகவே கேட்டோம். அதே அளவுகோலை நம் மாநிலத் துறைகளின் அறிவிக்கைகளுக்கும் வைக்க வேண்டும். மீனவருக்கான விதியும் தெருவோரக் கடைக்கான விதியும் ஆங்கிலத்தில் மட்டும் வருமானால், எத்தனை நாள் அவகாசம் கொடுத்தும் பயனில்லை.

எதிர்வாதங்கள் இரண்டு வருகின்றன, இரண்டுமே கனமானவை. ஒன்று தாமதம். வெள்ளம் வந்தால், தொற்று பரவினால் 45 நாள் காத்திருக்க முடியாது. அவசர விதிக்குத் தனி வழி வேண்டும், ஆனால் அதற்கு ஆயுளும் குறைவாக இருக்க வேண்டும். கலிபோர்னியாவில் அவசர விதி பொதுவாக 180 நாட்களில் காலாவதியாகும். நீடிக்க வேண்டுமென்றால் முழு நடைமுறைக்குள் வந்தாக வேண்டும். இரண்டாவது வாதம்தான் என்னை அதிகம் யோசிக்க வைப்பது. கருத்துக் கேட்பு என்று வைத்தால் வழக்கறிஞரும் ஆலோசகரும் வைத்திருக்கிற பெரிய நிறுவனங்களே பக்கம் பக்கமாக எழுதும், கூலி வேலைக்குப் போகிறவர் எழுத மாட்டார், கடைசியில் விதி பணக்காரர் பக்கம் சாயும் என்கிறார்கள். பல நாடுகளில் அப்படி நடந்தும் இருக்கிறது. ஆனால் இன்று மட்டும் என்ன நடக்கிறது? தொழில் அமைப்புகளின் பிரதிநிதிகள் செயலாளரை அறையிலேயே சந்தித்துப் பேசிவிட முடிகிறது. அந்தச் சந்திப்புக்குப் பதிவு இல்லை. வெளிப்படையான நடைமுறை வந்தால் அவர்கள் கேட்டதும் கிடைத்ததும் எழுத்தில் இருக்கும். அதோடு, எளியவர்களைப் பாதிக்கும் விதி என்றால் துறையே மாவட்டத்துக்குப் போய் வாய்மொழியாகக் கருத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டத்தில் எழுத வேண்டும். மின்னஞ்சலை மட்டும் நம்பக் கூடாது.

பழைய விதிகளை மொத்தமாகக் காலாவதியாக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்று ஒரு யோசனையும் உலவுகிறது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் அப்படி ஒன்று நடந்தது. அங்கே அப்போது நிர்வாக விதிகளைச் சட்டமன்றம் ஆண்டுதோறும் நீட்டிக்க வேண்டியிருந்தது. 2019இல் நீட்டிக்காமலே அவையின் கூட்டத்தொடர் முடிந்தது. 8,000 பக்கங்களுக்கு மேற்பட்ட விதிகள் ஒரே நாளில் காலாவதியாகும் நிலை. அங்கே அரசை நடத்துபவரான மாநில ஆளுநர், வேண்டியவற்றைத் தற்காலிக விதிகளாக மீண்டும் வெளியிட்டு மற்றவற்றை விட்டுவிட்டார். விதிச்சுமை குறைந்தது என்று சிலர் கொண்டாடினார்கள். எனக்கு உடன்பாடில்லை. எது போக வேண்டும், எது இருக்க வேண்டும் என்பதை நிர்வாகத்தின் ஒரே பேனா தீர்மானித்துவிட்டது. விதிகளை மறுபார்வைக்கு எடுப்பது ஒவ்வொன்றாகத்தான் நடக்க வேண்டும். திவால் நடைமுறைகளைக் கவனிக்கும் நம் மத்திய வாரியம் 2018இல் தனக்குத் தானே வகுத்துக்கொண்ட முறை இதற்கு நல்ல முன்மாதிரி: வரைவோடு பொருளாதாரப் பகுப்பாய்வு, 21 நாள் கருத்து அவகாசம், கருத்துகளுக்கு வாரியத்தின் பொதுவான பதில், குறிப்பிட்ட இடைவெளியில் மறுபார்வை. ஒரு சிறு ஒழுங்குமுறை அமைப்பால் முடிந்தது மாநிலத் துறைகளாலும் முடியும்.

அரசாணை ஒன்று போட்டாலே போதாதா, எதற்குச் சட்டம் என்று கேட்கலாம். மத்திய அரசு 2014 பிப்ரவரியில் முன்சட்ட ஆலோசனைக் கொள்கை என்று ஒன்றை அறிவித்தது. வரைவுகள் 30 நாள் பொதுவெளியில் இருக்க வேண்டும் என்றது. முடியாவிட்டால் காரணத்தை அமைச்சரவைக் குறிப்பில் எழுதிவிட்டுத் தவிர்த்துவிடலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. பின்பற்றாவிட்டால் எந்த விளைவும் கிடையாது. மாநிலம் அரசாணை போட்டாலும் இதே கதிதான். அடுத்த செயலாளர் விலக்குக் கேட்பார், கிடைக்கும். சட்டமாக இருந்தால், மீறி வந்த விதியை உயர் நீதிமன்றம் நீக்க முடியும். சட்டத்துறைக்கும் தன் பரிசீலனையின்போது ‘வரைவு வெளியிட்டதற்கும் பதில் எழுதியதற்கும் ஆதாரம் எங்கே’ என்று கோப்பைத் திருப்பி அனுப்ப ஒரு பிடி கிடைக்கும். அந்தச் சட்டத்தின் வாசகம் பத்துப் பன்னிரண்டு பிரிவுகளில் முடிந்துவிடும். செலவு என்று பார்த்தால் சில மொழிபெயர்ப்பாளர்களும், வரைவுகளை ஒரே இடத்தில் வைக்கும் ஒரு தளமும், ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் விதியின் முழு வாசகத்தை ஒன்றாக்கி வெளியிடும் ஒரு சிறு பிரிவும்தான். கடைசியாகச் சொன்னது சின்ன வேலை போலத் தெரியும். 2019இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளைப் பின்னாளில் வந்த திருத்தங்களோடு சேர்த்துப் படிக்க முயன்ற பொறியாளர்களைக் கேளுங்கள், அதன் அருமையைச் சொல்வார்கள்.

அந்தச் சட்டம் வரும் வரை கையில் இருப்பது தகவல் அறியும் உரிமைச் சட்டம். விண்ணப்பம் போட்டுத் தகவல் வாங்கத்தான் பலர் அதைப் பயன்படுத்துகிறோம். அதன் 4ஆம் பிரிவு மாநிலத் துறைகளையும் கட்டுப்படுத்துகிறது: பொதுமக்களைப் பாதிக்கும் முக்கியமான கொள்கையை வகுக்கும்போது, சம்பந்தப்பட்ட உண்மைகளை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும், முடிவால் பாதிக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்ல வேண்டும், தகவலைப் பரப்பும்போது உள்ளூர் மொழியையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரு புதிய விதி உங்கள் தொழிலையோ தெருவையோ பாதித்தால், அரசாணையில் ‘மேலே படிக்கப்பட்டது’ என்று குறிப்பிட்டிருக்கும் அத்தனை கடிதங்களின் நகலையும், நிதித்துறையும் சட்டத்துறையும் எழுதிய குறிப்புகளையும், வந்த ஆட்சேபனைகளின் பட்டியலையும் எண்ணும் தேதியும் குறிப்பிட்டுக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்கும் பிறகு மாநிலத் தகவல் ஆணையம். அரசிதழ் வாரம்தோறும் இணையத்தில் வருகிறது, சிறப்பு வெளியீடுகளும் வருகின்றன. துறைகளின் விதிகளும் அறிவிக்கைகளும் அதன் மூன்றாம் பகுதியில் இருக்கும். உங்கள் சங்கத்தில் ஒருவரை அந்தப் பகுதியைத் தொடர்ந்து பார்க்கும் வேலைக்கு அமர்த்துங்கள்.